அம்மாவின் நோட்டும் நான் தேடிய எடிட்டரும்

“எனக்கு ஒரு நல்ல எடிட்டர் வேணும்” என்று நான் சொன்னதும், இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, “என்ன, தொடர்கதை எழுதப் போறியா?” என்றார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர், இல்லாவிட்டால் சினிமாப் படத்தை வெட்டி ஒட்டுகிறவர். எங்கள் வீட்டில் அதுவரை தெரிந்தது அவ்வளவுதான். நான் தேடியது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எடிட்டர். வலைப்பக்கம் எழுதுவதற்கு, காகிதமும் பேனாவும் மாதிரி வேண்டியிருக்கிற ஒரு சாமான்.

‘உனக்கு எதுக்கம்மா இந்த வேலையெல்லாம்?’ என்று நீங்களும் கேட்கலாம். சொல்கிறேன்.

என் அம்மா ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தாள். பிரசவ லேகியம், பத்தியச் சாப்பாடு, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, குளிப்பாட்டும் பொடி என்று எல்லாம் அதில் உண்டு. அம்மா போன பிறகு நோட்டு என்னிடம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் புனேயில் இருக்கும் என் மகள் உண்டானாள். பிரயாணம் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் அங்கேதான் என்று முடிவாயிற்று. நான் போய் ஒரு மாதம் இருக்கலாம். அதற்கு மேல் இவருக்கும் மாமியாருக்கும் இங்கே கும்பகோணத்தில் யார் பொங்கிப் போடுவது? ஆகவே நோட்டில் இருப்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி கொடுத்துவிட்டு வர வேண்டும்.

முதலில் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். மை வெளுத்துப்போன எழுத்து. அதிலும் அம்மா எல்லா அளவையும் பலத்தில்தான் எழுதியிருப்பாள். “பலம்னா எவ்வளவும்மா?” என்று ஒரு போன். “சித்தரத்தைக்கு அடுத்து என்ன எழுதியிருக்கு?” என்று இன்னொரு போன். பத்து நாள் கழித்து அந்தப் போட்டோவைத் தேடினால், நூறு ‘குட்மார்னிங்’ படத்துக்கு அடியில் எங்கேயோ போயிருக்கும். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கும் என் பிள்ளைதான் யோசனை சொன்னான். “ஒரு வலைப்பக்கமா போட்டுடும்மா. அக்கா மட்டுமில்லே, சித்தி பொண்ணுங்க, அத்தை பொண்ணுங்க எல்லாரும் வேணும்கிறப்போ பார்த்துப்பாங்க. எச்.டி.எம்.எல். ஒண்ணும் பிரம்ம வித்தை இல்லே. ஏழெட்டுக் குறி தெரிஞ்சா போதும்.”

அவன் சொன்னது உண்மைதான். ஒரு வரியைத் தலைப்பாகக் காட்டு, இது ஒரு பாரா, இது பட்டியலில் ஒரு சாமான் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. குறிகள் எல்லாம் கூர்மையான அடைப்புக்குள் இருக்கும். முடிக்கிற குறியில் மட்டும் ஒரு சாய்ந்த கோடு கூடுதலாக இருக்கும். பூத்தொடுக்கும்போது கடைசி முடிச்சைப் போடாமல் விட்டால் சரம் அவிழ்ந்து போகிற மாதிரி, முடிக்கிற குறியை விட்டால் பக்கமும் அவிழ்ந்துவிடும். ஸ்கூல் நோட்டில் அவன் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டேன்.

குறிகள் மூன்று நாளில் வந்தன. அவற்றை எதில் உட்கார்ந்து எழுதுவது என்பதற்குத்தான் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

வேர்டில் எழுதினால் என்ன?

டைப் செய்யச் சோம்பல்பட்டு, முதலில் நான் ஒரு டி.டி.பி. சென்டருக்குத்தான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அழகாக வேர்டில் அடித்துப் பென்டிரைவில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து! அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடந்தது. விஷயம் என்னவென்றால், அது பழைய காலத்துத் தமிழ் எழுத்துரு. அதில் ‘அ’ என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது ஏதோ ஓர் இங்கிலீஷ் எழுத்தைத்தான். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் தமிழாகத் தெரியும். வலைப்பக்கத்துக்கு அது சரிப்படாது. யூனிகோட் தமிழ்தான் வேண்டும். உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனியே ஓர் எண் கொடுத்த ஏற்பாடு அது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் அதில் இடம் உண்டு. யூனிகோடில் அடித்த ‘அ’ புனேயிலும் ‘அ’தான், உங்கள் செல்போனிலும் ‘அ’தான். நீங்கள் யாரிடமாவது டைப் செய்யக் கொடுத்தால், ‘யூனிகோடில் வேண்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்துருவை மாற்றிக் கொடுக்கும் சாதனங்கள் இருக்கின்றன. ஆனால் நான் ரோஷத்தில் முழுவதையும் நானே திரும்ப அடிப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் ஆயிற்று.

அப்படி அடிக்கும்போதும் வேர்டில்தான் அடித்தேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து வாடகை ரசீது வரை எல்லாரும் அதில்தானே அடிக்கிறார்கள்? பிள்ளை போனில் சிரித்தான். வேர்டு என்பது எழுத்தோடு அதன் பருமன், நிறம், ஓரம், இடைவெளி என்று எல்லா அலங்காரத்தையும் தன் முறையில் கட்டி மூட்டையாக வைத்துக்கொள்ளும். பிரவுசருக்கு அந்த மூட்டை புரியாது. ‘வலைப்பக்கமாகச் சேமி’ என்றும் அதில் உண்டு. செய்து பார்த்தேன். நான் எழுதியது இருபது வரி. அதைச் சுற்றி நான் எழுதாத குறிகள் சரம் சரமாக, தீபாவளிக்கு ஒட்டடை அடிக்காத பரண் மாதிரி! இன்னொரு தொல்லை, நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறியை அது தானாகவே வளைத்துவிடும். கண்ணுக்கு அழகுதான். ஆனால் குறிக்குள் வளைந்த மேற்கோளைப் பிரவுசர் ஏற்றுக்கொள்ளாது. ஒரு மத்தியானம் முழுக்க ஒரு படம் ஏன் வரவில்லை என்று நான் தேடியதற்கு இந்த வளைவுதான் காரணம்.

ஆக, வலைப்பக்கம் எழுதுவதற்கு வேண்டியது வெறும் எழுத்தை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்கிற ஒரு சாதனம். அதைத்தான் ‘டெக்ஸ்ட் எடிட்டர்’ என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், டிம் பெர்னர்ஸ் லீ 1990-இல் ஜெனீவாவில் எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைப் பார்க்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். பின்னால் வந்தவர்கள் பார்க்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நமக்கு எழுதுவதற்குத் தனியாக ஒரு சாமான் தேட வேண்டியதாயிற்று.

கேள்விக்குறி மழை

கையிலேயே வெண்ணெய் இருக்கிறதே என்று நோட்பேடைத் திறந்தேன். விண்டோஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அது உண்டு. 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்ததாம். என் லேப்டாப், மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். பழைய விண்டோஸ் 7. பாட்டரி போய் வெகு நாளாயிற்று. கரண்ட்டில் செருகினால்தான் உயிர்.

மூன்று ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, லேகியம், பத்தியம், பூண்டுக் குழம்பு வரை அடித்து முடித்தேன். மூன்றாம் நாள் சேமிக்கும்போது இங்கிலீஷில் ஏதோ ஒரு பெட்டி எழுந்து வந்தது. நமக்குத்தான் பெட்டி வந்தால் ‘ஓகே’யை அமுக்கிப் பழக்கமாயிற்றே! அமுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து கோப்பைத் திறந்தால், ஒரு தமிழ் எழுத்து இல்லை. கேள்விக்குறி, கேள்விக்குறி, மேலும் கேள்விக்குறி. நடுநடுவே 2, 5, 10 என்று எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. என்ன சாமான் என்று தெரியாமல் எத்தனை என்று மட்டும் தெரிந்தால் என்ன பிரயோஜனம்?

அந்தப் பெட்டி பாவம், நல்லதைத்தான் சொல்லியிருக்கிறது. ‘ஆன்ஸி’ என்ற பழைய முறையில் சேமித்தால் இந்த எழுத்துக்கள் தொலைந்து போகும் என்று எச்சரித்திருக்கிறது. படிக்காமல் அமுக்கியது என் தப்பு. அந்தப் பழைய முறையில் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறியைப் போட்டு நிரப்பிவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் திருப்ப முடியாது. சேமிக்கும்போது ‘யூ.டி.எஃப். 8’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2019-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு நோட்பேட் தானாகவே யூ.டி.எஃப். 8-இல்தான் சேமிக்கிறது. ஆகவே புதுக் கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் வராது. ஆனால் நம் வீடுகளில் புதுசு எத்தனை, பிள்ளைகள் கழித்துப்போட்ட பழசு எத்தனை?

கேள்விக்குறியாகத் தெரிவது வேறு, குப்பையாகத் தெரிவது வேறு. இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழுக்குப் பதில், தலையில் சாய்ந்த கோடு போட்ட இங்கிலீஷ் ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்துமாக மாறி மாறி வரிசையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எழுத்து தொலையவில்லை. யூ.டி.எஃப். 8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் எடுத்துக்கொள்ளும். பிரவுசர் அதைப் பழைய முறை என்று நினைத்து மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் பிரித்துக் காட்டுகிறது. பக்கத்தின் தலையில், ‘இது யூ.டி.எஃப். 8’ என்று சொல்லும் ‘மெட்டா சார்செட்’ குறியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

அன்று நான் அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன் என்பதை மறைப்பதற்கில்லை. மகளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஆளுக்கொரு சிபாரிசு

அதன் பிறகுதான் ‘நல்ல எடிட்டர்’ தேட ஆரம்பித்தேன். பிள்ளை உடனே சொன்னது வி.எஸ். கோட். மைக்ரோசாஃப்ட் 2015-இல் கொண்டுவந்தது. இலவசம். காலேஜில் எல்லாரும் அதில்தானாம். ஆனால் அதன் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7-இல் ஏறாது.

ஓரகத்தியின் தம்பி பெங்களூரில் வேலையில் இருக்கிறான். “விம்தான் அக்கா பெஸ்ட்” என்றான். எனக்குத் தெரிந்த விம் பாத்திரம் தேய்க்கிறது! இது வேறு. ஹாலந்துக்காரரான பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டது. மௌசைத் தொடாமல் எல்லாவற்றையும் விசையிலேயே செய்யலாம். பழகினவர்கள் வேறு எதையும் தொட மாட்டார்களாம். நான் திறந்தேன், டைப் செய்தேன், எழுத்து விழவில்லை. மூடப் பார்த்தேன், மூடவும் இல்லை. கடைசியில் அந்தப் பையனுக்குப் போன் போட்டு, ‘எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி’ என்று அவன் சொல்லச் சொல்ல அமுக்கித்தான் வெளியே வந்தேன். ஆனால் ஒன்று. திறந்தவுடன் முதல் பக்கத்திலேயே, உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி இருக்கும். காசு கேட்காமல் கொடுத்த மனுஷர், தனக்குக் கேட்காமல் அந்தக் குழந்தைகளுக்குக் கேட்டிருக்கிறார். 2023-இல் அவர் காலமானார் என்று படித்தபோது, நான் உபயோகிக்காத சாமானைச் செய்தவருக்காக மனசு கனத்தது.

ட்ரீம்வீவர் என்று ஒன்று உண்டு. சந்தா கட்ட வேண்டும், நமக்கு ஏன்? சப்ளைம் டெக்ஸ்ட் வேகமானது. சோதித்துப் பார்க்க இலவசம், தொடர்ந்து வைத்துக்கொள்வதானால் வாங்க வேண்டும்.

பிறகு கிடைத்தது நோட்பேட் பிளஸ் பிளஸ். பெயரைப் பார்த்து நோட்பேடுக்கு அக்கா என்று நினைக்காதீர்கள். இதைச் செய்தது டான் ஹோ என்பவர். 2003 முதல் இருக்கிறது, இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். அளவில் சின்னது. என் கிழ லேப்டாப்பிலும் சட்டென்று திறந்தது. எடிட்டர் எதுவானாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் பச்சையாக, பெரிசாக ஒரு ‘டவுன்லோட்’ பொத்தான் இருக்கும். அமுக்கினால் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தத் தடவை நான் உஷாராகிவிட்டேன். மிக்ஸி வாங்கினால் முதலில் ஒரு கை உளுந்து போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அந்த மாதிரி ஒரு சோதனைப் பக்கம் தயார் செய்தேன். ஆறே வரி. அதில் ‘கொத்தமல்லி’, ‘ஔஷதம்’, ‘ஸ்ரீ’ என்று கொக்கி கொம்பு எல்லாம் உள்ள சொற்கள், ஓர் அரை அளவுக் குறி, வேண்டுமென்றே முடிக்காமல் விட்ட ஒரு குறி. அடித்து, சேமித்து, மூடி, திரும்பத் திறந்து, பிரவுசரிலும் பார்த்தேன். தீபாவளிக்குப் பிள்ளை வந்தபோது அவனுடைய புது லேப்டாப்பில் வி.எஸ். கோடிலும் இதையே செய்தேன்.

இரண்டிலும் தமிழ் பத்திரமாகத் திரும்பி வந்தது. இரண்டிலும் கீழ் ஓரத்தில் ‘யூ.டி.எஃப். 8’ என்று எழுதிக் காட்டுகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆறுதல். ரயிலில் அடிக்கடி பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொள்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொள்ளலாம். குறிகள் ஒரு நிறம், நாம் எழுதியது ஒரு நிறம் என்று இரண்டும் பிரித்துக் காட்டுகின்றன. குறி மீது கர்சரை வைத்தால், அதன் ஜோடி எங்கே இருக்கிறது என்று நோட்பேட் பிளஸ் பிளஸ் சாயம் பூசிக் காட்டும். சாயம் ஏறாவிட்டால் ஜோடி இல்லை, முடிச்சு போடவில்லை என்று அர்த்தம். வி.எஸ். கோட் இன்னும் ஒரு படி மேலே போய், நாம் தொடங்கும் குறியை அடித்ததுமே முடிக்கும் குறியைத் தானே போட்டுவிடுகிறது.

வி.எஸ். கோடில் எனக்குப் பிடிக்காதது, தமிழ் எழுத்து பார்வைக்கு நெருக்கியடித்துக்கொண்டு நின்றதுதான். இங்கிலீஷ் எழுத்துக்கள் எல்லாம் ஒரே அகலத்தில் நிற்பதற்கான எழுத்துரு அதில். தமிழில் ‘ர’வும் ‘ஞௌ’வும் ஒரே அகலத்தில் எப்படி நிற்கும்? பிள்ளை அமைப்புகளில் போய் ‘நிர்மலா’ என்ற தமிழ் எழுத்துருவைச் சேர்த்து, வரிகளுக்கு இடைவெளி கூட்டிக் கொடுத்த பிறகு கண் வலிக்காமல் படிக்க முடிந்தது. நாற்பத்தைந்துக்கு மேல் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை: கன்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டு மௌஸ் சக்கரத்தைச் சுழற்றினால் நோட்பேட் பிளஸ் பிளஸில் எழுத்து பெரிசாகும். வி.எஸ். கோடில் கன்ட்ரோலோடு கூட்டல் விசை. மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டாம்.

கரண்ட் விஷயத்தையும் சோதித்தேன். சோதனைப் பக்கத்தில் இரண்டு வரி புதிதாக அடித்து, சேமிக்காமலே ஒரு நிமிஷம் விட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இவர் “என்ன பண்றே நீ?” என்று பதறினார். திரும்பப் போட்டு நோட்பேட் பிளஸ் பிளஸைத் திறந்தால், அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்தது. நொடிக்கணக்கில் தானாகவே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறதாம். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது என்று பாதியில் எழுந்து ஓடுகிற நமக்கு இது எத்தனை பெரிய சௌகரியம்!

இப்போது பல எடிட்டர்களில், நாம் அடிக்க அடிக்க அடுத்த வரியைத் தானே ஊகித்து மங்கலாக எழுதிக் காட்டுகிற வசதி வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது உபயோகமாக இருக்கலாம். நான் ‘திப்பிலி’ என்று அடித்தால், பக்கத்தில் ஓர் அளவையும் சேர்த்துச் சொன்னால் என்ன ஆவது? அம்மாவின் நோட்டில் இருப்பதைத்தானே எழுத வேண்டும்? கேட்காமல் பேச்சில் நுழைகிற எதிர் வீட்டுக்காரி மாதிரி இருந்ததால் அதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன்.

235 கிராம் சுக்கு

நல்ல எடிட்டர் கிடைத்தால் மட்டும் போதாது, அதை உபயோகிக்கிறவளுக்கு நிதானம் வேண்டும் என்பதற்கு ஒரு கதை.

பக்கம் முழுக்க ‘பலம்’, ‘பலம்’ என்று இருந்தது. ஒரு பலம் என்பது சுமார் 35 கிராம். ஒவ்வொன்றாக மாற்றுவானேன் என்று, ‘தேடி மாற்று’ என்பதில் ‘பலம்’ இருந்தால் ‘35 கிராம்’ என்று போடச் சொல்லி, ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை ஓர் அமுக்கு அமுக்கினேன். ‘பதினான்கு இடத்தில் மாற்றியாயிற்று’ என்று வந்தது. பெருமையோடு மூடிவிட்டேன். பிள்ளை அதை அப்படியே இணையத்தில் ஏற்றினான்.

மறுநாள் புனேயிலிருந்து போன். “ஏம்மா, லேகியத்துக்கு 235 கிராம் சுக்கா? வயிறு எரிஞ்சு போயிடாதா?”

எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா எழுதியது ‘2பலம்’. நான் இரண்டுக்கும் பலத்துக்கும் நடுவில் இடம் விடாமல் அடித்திருக்கிறேன். பலம் போய் 35 கிராம் வந்து உட்கார்ந்ததும் 235 ஆகிவிட்டது. இருக்க வேண்டியது 70. திப்பிலி ‘1பலம்’ 135 ஆகியிருந்தது. போதாக்குறைக்கு, ‘இது உடம்புக்குப் பலம் தரும்’ என்று நான் எழுதிய வரி, ‘இது உடம்புக்குப் 35 கிராம் தரும்’ என்று ஆகியிருந்தது. இவர் அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சூட்டிகையானவள், கேட்டாள். கேட்காமல் கிளறியிருந்தால்? அடுத்த வாரம் ஒரு சொந்தக்காரப் பெண் அதைப் பார்த்துச் செய்திருந்தால்?

கோப்பை மூடிவிட்டதால் பின்னோக்கிப் போக வழியில்லை. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினான்கு இடத்தையும் வரி வரியாகத் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் நோட்பேட் பிளஸ் பிளஸில் ‘இந்தக் கோப்பில் எல்லாம் தேடு’ என்று ஒன்று இருப்பதைக் கண்டேன். சொல் வருகிற ஒவ்வொரு வரியையும் கீழே ஜாபிதா போட்டுக் காட்டும். முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றலாம். வி.எஸ். கோடில் இது இன்னும் நன்றாக இருக்கிறது. பக்கவாட்டில் பழைய சொல்லையும் புதுச் சொல்லையும் சேர்த்துக் காட்டி, வேண்டாததை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்கிறது. நோட்பேடில் இதெல்லாம் கிடையாது. அளவு எழுதுகிறவர்களுக்கு எடிட்டரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். நிறமும் அழகும் அப்புறம்.

லேகியப் பக்கத்தின் தலையிலேயே, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடவும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நோட்டில் இருந்த உரை மருந்துப் பக்கத்தை ஏற்றவே இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லும்போது, அம்மா எழுதியதாயிற்றே என்று நான் பிடிவாதம் பிடிக்க முடியுமா?

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு (வாங்குவது என்ன, இரண்டும் இலவசம்தான்): பழைய விண்டோஸ் லேப்டாப், கொஞ்சம் பக்கங்கள் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ் தாராளமாகப் போதும். நான் இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறேன். அமைப்புகளில், புதிய கோப்புக்கு யூ.டி.எஃப். 8 என்று இருக்கிறதா என்று மட்டும் முதல் நாள் பார்த்துவிடுங்கள். புதுக் கம்ப்யூட்டர், அதுவும் பையனோ பெண்ணோ பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுப்பார்கள் என்றால் வி.எஸ். கோட். அதில் பொத்தான்களும் பட்டியல்களும் அதிகம். புதிதாக வந்தவர்களுக்குக் கல்யாண மண்டபத்துச் சமையலறையில் தனியாக நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் நாலு நாளில் வேண்டிய கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாப்பிள்ளையிடம் இருப்பது ஆப்பிள் கம்ப்யூட்டர். அதில் ‘டெக்ஸ்ட் எடிட்’ என்று கூடவே வருகிறது. ஆனால் அது முதலில் அலங்கார எழுத்தாகத்தான் திறக்கும். ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’ ஆக மாற்றிக்கொண்டால்தான் நம் வேலைக்கு ஆகும்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. விண்டோஸ் நம்மிடம் கோப்புப் பெயரின் வாலை மறைத்து வைக்கும். நோட்பேடில் ‘எச்.டி.எம்.எல்.’ என்று வால் வைத்துச் சேமித்தோம் என்று நினைப்போம், அதற்குப் பின்னால் இன்னொரு ‘டி.எக்ஸ்.டி.’ வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரவுசரில் பக்கம் வராமல் குறிகளே வந்து நின்றால் அந்த இரட்டை வாலைப் பாருங்கள்.

‘நாளைக்கே இந்த எடிட்டர் நின்றுபோனால்?’ என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. ஆட்டம் என்று ஒரு நல்ல எடிட்டர் இருந்தது. 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பிராக்கெட்ஸ் என்பதை அடோபி நிறுவனம் 2021-இல் கைவிட்டது. ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த ஃப்ரன்ட்பேஜும் இப்போது இல்லை. ஆனால் அவற்றில் எழுதிய பக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் எழுத்துத்தானே! வேறு எந்த எடிட்டரிலும் திறக்கலாம். நான் இங்கே அடித்து அனுப்பியதை மகள் மாப்பிள்ளையின் ஆப்பிளில் திருத்துகிறாள், திரும்பி வந்ததை நான் என் கிழ லேப்டாப்பில் திறக்கிறேன். ஒரு புள்ளி மாறுவதில்லை.

பேரனுக்கு இப்போது ஒன்றரை வயசு. மகள் அந்த லேகியத்தை 70 கிராம் சுக்கு போட்டுத்தான் கிளறினாள். போன மாதம் என் தங்கை மருமகளும் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

நோட்டில் ஓர் இடம் மட்டும் இன்னும் பாக்கி. குளிப்பாட்டும் பொடியில் கஸ்தூரி மஞ்சளுக்கு எதிரே மை கரைந்து, அளவு படிக்கவே முடியவில்லை. ஊகித்துப் போட மனசு வரவில்லை. எச்.டி.எம்.எல்.லில் பக்கத்தில் தெரியாமல் நமக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளலாம். எடிட்டரில் அது பச்சை எழுத்தில் தெரியும். ‘மன்னார்குடி பெரியம்மாவைக் கேட்கணும்’ என்று அந்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு எண்பத்து நான்கு வயசு. போனில் காது கேட்காது. தை பிறந்ததும் நேரில்தான் போக வேண்டும்.